கறுப்பின மாணவர்களிடம் மனநலம் பற்றிக் கேட்பது எப்படி?

காந்திநகர்_ஆலோசகர் (காட்பாடி) – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். காட்பாடி பக்கம் ஒரு கல்லூரியில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். நைஜீரியா, தான்சானியா, ஜிம்பாப்வே, காங்கோ, சூடான் என்று பல நாடுகளிலிருந்து வந்த மாணவர்கள் இங்கே படிக்கிறார்கள். ஆலோசனை அறைக்கு அவர்கள் வருவதே அபூர்வம். வந்தாலும் தலைவலி, தூக்கமில்லை, தலைக்குள் சூடு என்பார்கள். மனசு பற்றிப் பேச்செடுத்தால் எழுந்துவிடுகிறார்கள்.

எல்லோருக்கும் மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 படிவம் கொடுத்து, மதிப்பெண் போட்டு அறிக்கை தரச் சொல்கிறது நிர்வாகம். அதற்கு முன், 'மனநலம்' என்று அவர்கள் எதைக் கருதுகிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டுவிட வேண்டும் என்பது என் எண்ணம். ஆறேழு பேராக உட்காரவைத்துக் குழு உரையாடல் நடத்தலாமா? அமெரிக்கக் கறுப்பினத்தவர் பற்றி நிறைய ஆய்வு கிடைக்கிறது. அதை இவர்களுக்கு அப்படியே பொருத்தலாமா? எப்படிக் கேட்பது, எங்கே தவறு நேரும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பாகாயம்_சமூகப்பணி – பதில்

நீங்கள் நினைத்த வரிசைதான் சரி மேடம். முதலில் கேளுங்கள், பிறகு அளக்கலாம்.

அமெரிக்க ஆய்வை அப்படியே பொருத்த முடியாது. 'கறுப்பினத்தவர்' என்ற அடையாளமே உங்கள் மாணவர்களில் பலருக்குச் சொந்த நாட்டை விட்டு வந்த பிறகுதான் ஒட்டியிருக்கும். லாகோசில் இருந்தவரை அவர் யொருபா அல்லது இக்போ, ஹராரேயில் ஷோனா. எல்லோரும் ஒரே பெயரில் 'ஆப்பிரிக்காக்காரர்' ஆவது இங்கே வந்திறங்கிய பிறகு. ஆனாலும் அமெரிக்க, பிரிட்டன் வரலாற்றைத் தெரிந்துவைத்திருப்பது உதவும். மனநல மருத்துவத்தின் மேல் கறுப்பினத்தவருக்கு ஏன் நம்பிக்கை குறைவு என்பது அங்கேதான் விளங்கும்.

1840-ம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில், அடிமைத்தளை இல்லாத வட மாநிலங்களில் வாழ்ந்த கறுப்பினத்தவருக்குப் 'பைத்தியம்' மிக அதிகம் என்று பதிவானது. சில ஊர்களில் கறுப்பினத்தவர் மொத்தத் தொகையைவிடப் பைத்தியக் கணக்கு கூடுதல்! அந்தக் கணக்கே பொய் என்று கறுப்பின மருத்துவர் ஜேம்ஸ் மெக்கூன் ஸ்மித் ஆதாரத்தோடு எழுதினார். அதற்குள், விடுதலை கொடுத்தால் இவர்களுக்கு மூளை கெடும் என்று அடிமைமுறைக்கு ஆதரவாக அது பயன்பட்டுவிட்டது. 1851-ல் லூசியானா மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், அடிமைகள் தப்பியோடுவதையே 'டிராப்டோமேனியா' என்ற நோயாக அறிவித்தார். அதற்கு அவர் சொன்ன மருந்து சாட்டையடி. பிறகு அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் வந்த சுமார் 400 கறுப்பின ஆண்களுக்குப் பென்சிலின் கொடுக்காமலே நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு மருத்துவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இந்த நினைவு குடும்பங்களுக்குள் வழிவழியாக வருகிறது. படிவத்தைக் கண்டதும் ஒருவர் தயங்கினால், அது அறியாமை என்று எழுதிவிடாதீர்கள்.

அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் மனநலம் என்றால் என்ன என்று கேட்டால் நோய்ப்பெயர்கள் முதலில் வருவதில்லை. நிலைகுலையாமல் இருப்பது, குடும்பப் பொறுப்பைச் சுமப்பது, கடவுளோடு உள்ள உறவு, நாலு பேர் முன் மரியாதை கெடாமல் இருப்பது, இவைதான் வரும். இதில் 'பலம்' என்ற கருத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. தடை எவ்வளவு வந்தாலும் இன்னும் கடுமையாக உழைத்து வென்றுவிடலாம் என்கிற போக்கை ஆய்வாளர் ஷெர்மன் ஜேம்ஸ் 1980-களில் 'ஜான் ஹென்றியிசம்' என்று பெயரிட்டு, 12 கேள்விகள் கொண்ட அளவுகோலால் அளந்தார். வசதியில்லாதவர்களிடம் இந்தப் போக்கு அதிகமாக இருந்தால் ரத்த அழுத்தமும் உயர்ந்திருப்பதைக் காட்டினார். கறுப்பினப் பெண்களைப் பற்றி ஷெரில் வுட்ஸ்-ஜிஸ்கோம்பே 2010-ல் எழுதியதும் இதே வழியில் வருவது. பலசாலியாகக் காட்டிக்கொள்ள வேண்டிய கட்டாயம், உணர்ச்சியை அடக்குவது, யாரையும் சார்ந்திருக்க மறுப்பது, வசதி குறைவிலும் சாதித்தே தீர்வது, தன்னை விட்டுவிட்டு மற்றவர்களைத் தாங்குவது என ஐந்து கூறுகளை அவர் பிரித்துக் காட்டினார். குடும்பம் கடன் வாங்கி அனுப்பிய மாணவியிடம் இந்த ஐந்தையும் நீங்கள் பார்ப்பீர்கள். அவர் 'நன்றாக இருக்கிறேன்' என்று சொல்வது பொய் இல்லை. தாங்கிக்கொண்டிருக்கிறேன் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்.

பிரிட்டன் கதை வேறு. கரீபியன் தீவுகளிலிருந்து குடியேறிய கறுப்பினத்தவரிடம் சிசோஃப்ரீனியா (மனச்சிதைவு நோய்) பல மடங்கு அதிகமாகப் பதிவானது. அதே தீவுகளில் நடந்த ஆய்வுகளில் அப்படிக் காணவில்லை. ஆகவே காரணத்தை ரத்தத்தில் தேடிப் பயனில்லை, வாழும் நிலைமையிலும் நோயைக் கணிக்கும் முறையிலும் தேட வேண்டும். இங்கிலாந்தில் மனநலச் சட்டத்தின்கீழ் கட்டாயமாக அடைத்துவைக்கப்படுவது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்குச் சுமார் நான்கு மடங்கு. ஒலசெனி லூயிஸ் என்ற கறுப்பின இளைஞர் 2010-ல் மனநல மருத்துவமனை ஒன்றில் காவலர்கள் பலர் சேர்ந்து அமுக்கிப் பிடித்ததில் இறந்தார். மனநலப் பிரிவுகளில் பலப்பிரயோகத்தைக் கட்டுப்படுத்தும் 2018-ம் ஆண்டுச் சட்டம் அதன்பிறகு வந்தது. லண்டனில் உறவினர் உள்ள மாணவர்களுக்கு இதெல்லாம் தெரியும்.

ஆப்பிரிக்காவுக்குள்ளேயே வளர்ந்த வழிமுறைகளை உங்கள் நிர்வாகத்துக்கு அவசியம் காட்டுங்கள். ஜிம்பாப்வேயின் ஷோனா மக்கள் 'குஃபுங்கிசிசா' என்பார்கள். ஓயாத யோசனையே நெஞ்சடைப்பு, களைப்பு, தூக்கக்கேடு எல்லாவற்றுக்கும் வேர் என்பது அவர்கள் கணக்கு. நம் பக்கத்தில் 'யோசனை ஜாஸ்தியாகி உடம்பு கெட்டுப்போச்சு' என்கிறவர்களுக்கு இது அந்நியமே இல்லை. ஹராரேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-ல் தொடங்கிய 'நட்பு பெஞ்சு' திட்டம் இந்தக் கருத்தின் மேல்தான் நிற்கிறது. மருத்துவமனை வளாகத்தில் மரபெஞ்சு, அதில் பயிற்சி பெற்ற பாட்டிமார், ஆறு அமர்வுகள். முதல் அமர்வில் எல்லாப் பிரச்சினையையும் கொட்டச் சொல்வார்கள். பிறகு அதில் ஒன்றை மட்டும் எடுத்து, அந்த வாரமே செய்யக்கூடிய ஒரு காரியமாகச் சுருக்குவார்கள். 24 மருத்துவ நிலையங்களில் 573 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2016-ல் வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது பெஞ்சில் பேசியவர்களின் மனச்சுமை தெளிவாகக் குறைந்திருந்தது.

நைஜீரியாவின் அபியோகுட்டாவில் தாமஸ் லாம்போ 1954-ல் இன்னொன்று செய்தார். நோயாளியை ஆரோ மனநல மருத்துவமனையைச் சுற்றியிருந்த கிராமங்களிலேயே, கூடவே ஓர் உறவினரோடு குடியமர்த்திச் சிகிச்சை கொடுத்தார். வேலூரில் பாகாயம் மனநல மையம் 1950-களிலேயே வீட்டாரை உடன் தங்கவைத்து நடத்தத் தொடங்கிய முறையும் இதுவும் ஏறக்குறைய ஒரே காலத்தவை. 'உன் நாட்டு மருத்துவரும் இதைத்தான் செய்தார்' என்று ஒரு நைஜீரிய மாணவரிடம் சொல்ல முடிவது பெரிய வாசலைத் திறக்கும்.


கணியம்பாடி_களஆய்வு – பதில்

குழு உரையாடல் எப்படி நடத்துவது என்பதை மட்டும் நான் எழுதுகிறேன்.

ஒரு குழுவுக்கு 6 முதல் 8 பேர். அதற்கு மேல் போனால் இரண்டு பேர் பேச மற்றவர்கள் கேட்பார்கள். நேரம் 90 நிமிடம். நீங்கள் சொன்ன நாடுகளுக்கு நான்கு குழு போதும். பெண்கள் தனியாக ஒன்று, மேற்கு ஆப்பிரிக்க ஆண்கள் ஒன்று, கிழக்கு–தென் ஆப்பிரிக்க ஆண்கள் ஒன்று, காங்கோ போன்ற பிரெஞ்சு, ஸ்வாஹிலி பேசுபவர்களுக்கு ஒன்று. சூடான் மாணவர்களை எந்தக் குழுவில் சேர்ப்பது என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். அவர்களில் சிலர் தங்களை அரபு என்பார்கள், சிலர் கறுப்பினம் என்பார்கள். அவர்களிடமே கேளுங்கள். பெண்கள் குழுவில் ஆண் யாரும் இருக்கக் கூடாது, குறிப்பெடுப்பவர் உட்பட.

கேள்வி கேட்பவர் ஒருவர், குறிப்பெடுப்பவர் ஒருவர். கேட்பவர் மாணவர்களில் ஒருவராக இருப்பது நல்லது. முதுநிலை படிக்கும் ஒருவருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால் போதும். மாணவர் சங்கத் தலைவரையோ பிரார்த்தனைக் குழு நடத்துபவரையோ அந்த வேலைக்குப் போடாதீர்கள். அவர் முன்னால் யாரும் மாற்றிப் பேச மாட்டார்கள். விடுதி வார்டன் கதவருகே நின்றாலும் உரையாடல் செத்துவிடும்.

ஆலோசனை அறை வேண்டாம். வெளியே மாட்டிய பலகையே ஆளை விரட்டும். நூலகத்துக் குழு அறை, அல்லது சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குத் தொடர்பில்லாத ஒரு வகுப்பறை. வெள்ளி நண்பகல் தொழுகைக்குப் போவார்கள், ஞாயிறு காலை சர்ச். இன்டர்னல் தேர்வு வாரத்தைத் தவிர்த்துச் சனிக்கிழமை மாலை வையுங்கள். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். நம் ஊர் வெயிலில் 90 நிமிடம் யாரும் உட்கார மாட்டார்கள். மின்விசிறியைச் சுழலவிட்டால் ஒலிப்பதிவில் காற்றுச் சத்தம்தான் கேட்கும். ஆகவே பதிவுக்கருவி இரண்டு வேண்டும்: ஒன்று வட்டத்தின் நடுவில், கீழே மடித்த துணி வைத்து, இன்னொன்று குறிப்பெடுப்பவர் கையில்.

ஒப்புதலை இரண்டாகப் பிரியுங்கள். பங்கேற்க ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. முதலாவதற்குச் சரி, இரண்டாவதற்கு மாட்டேன் என்றால் அந்தக் குழுவையே பதிவில்லாமல் நடத்துங்கள். படம் எடுக்கவே கூடாது. பேனர் கட்டி, பொன்னாடை போர்த்தி, ஆண்டறிக்கைக்குப் போட்டோ எடுக்கும் வழக்கம் நம் கல்லூரிகளில் வேரூன்றிய ஒன்று. மனநலம் பற்றிய கூட்டத்தில் இருந்தவர் முகம் கல்லூரியின் பக்கத்தில் வந்தால் அடுத்த கூட்டத்துக்கு ஒருவரும் வர மாட்டார். நெறிமுறைக் குழு அனுமதியை முன்பே வாங்கிவிடுங்கள், பிறகு சேர்த்துக்கொள்ள முடியாது.

கேள்வி வரிசைதான் உயிர். நோயில் ஆரம்பிக்காதீர்கள். 'உங்கள் ஊரில் ஒருவர் நன்றாக இருக்கிறார் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?' என்று தொடங்கி, ஆளுக்கொரு தாளில் மனதில் தோன்றுவதையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம், யாரும் பேசாமல். முதலில் எழுதவைப்பதால் பேச்சாளிகள் மற்றவர்களை இழுத்துக்கொண்டு போக முடியாது. பிறகு எல்லாத் தாளிலும் உள்ளதைப் பலகையில் எழுதி, எது எதோடு சேரும் என்று அவர்களையே பிரிக்கச் சொல்லுங்கள். அவர்கள் பிரிக்கும் விதம்தான் அவர்கள் வரையறை. உடம்பு, மனம், ஆன்மா என்று நீங்கள் முன்கூட்டியே மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தால் அந்த மூன்றுதான் திரும்ப வரும்.

இரண்டாவதாக ஒரு மாதிரிக் கதை. வேலூரில் படிக்கும் ஒரு மாணவர், மூன்று வாரமாக வகுப்புக்கு வரவில்லை, இரவில் தூங்குவதில்லை, சமைப்பதில்லை, வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் எடுப்பதில்லை. கதையில் நோய்ப்பெயர் வரக்கூடாது. அதன்மேல் ஐந்து கேள்வி: இவருக்கு என்ன நேர்ந்திருக்கிறது? ஏன் இவருக்கு, ஏன் இப்போது? இது எங்கே கொண்டுபோய் விடும்? முதலில் யாரிடம் போக வேண்டும்? யாரிடம் போகக் கூடாது, ஏன்? கடைசிக் கேள்வியில்தான் உங்கள் கல்லூரியைப் பற்றிய உண்மை வெளிவரும். அதைக் கேட்கத் தயாராகப் போங்கள்.

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு நம் ஊரோடு ஓர் உறவு உண்டு. 'செமி' எனப்படும் சுருக்க நேர்காணல் முறை 1998-ல் வெளியானது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் வேலூர் சி.எம்.சி.யில் மனநலப் பேராசிரியராக இருந்த கே.எஸ். ஜேக்கப். லண்டனில் வாழும் ஆப்பிரிக்க–கரீபியன் மக்களிடமும் அது பயன்பட்டது. வேலூர் கிராமங்களிலும் பயன்பட்டிருக்கிறது. இங்கே அப்படிக் கேட்டதில் தெரிந்த முக்கியமான விஷயம், ஒரே ஆள் நோய் என்றும் சொல்வார், செய்வினை என்றும் சொல்வார், மாத்திரையும் போடுவார், மந்திரிக்கவும் போவார், இதில் அவருக்கு எந்த முரணும் தெரியாது. உங்கள் மாணவர்களும் ஜெபம், மூலிகை, மருத்துவர் மூன்றையும் ஒருசேரச் சொல்வார்கள். 'இதில் எது உண்மையான நம்பிக்கை' என்று துருவாதீர்கள். மூன்றையும் பதியுங்கள்.

ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும். நைஜீரிய ஆங்கிலமும் காங்கோ ஆங்கிலமும் வேறுவேறு. தானியங்கி மென்பொருளை நம்பினால் முக்கியமான சொற்களே காணாமல் போகும். எழுதியதை அந்தந்தக் குழுவில் ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள். முதல் இரண்டு குழுக்களின் எழுத்தை இருவர் தனித்தனியாகப் படித்து, வரும் கருத்துகளுக்குக் குறியீட்டுப் பட்டியல் போட்ட பிறகே மூன்றாவது குழுவுக்குப் போக வேண்டும். அப்போதுதான் விட்டுப்போன கேள்வியைச் சேர்க்க முடியும்.


காந்திநகர்_ஆலோசகர் – மறுகேள்வி

இருவருக்கும் மிக்க நன்றி. மூன்று சந்தேகம் மீதி இருக்கிறது. பி.எச்.கியூ-9 படிவத்தை நிர்வாகம் விடாது போலிருக்கிறது. கொடுத்தால் என்ன கெடும்? ஆவி, சாபம், கடவுள் குரல் என்று ஒருவர் பேசினால் எப்போது கவலைப்பட வேண்டும்? இங்கே பேசினால் விசாவுக்கு ஆபத்து என்று மாணவர்கள் பயப்படுகிறார்கள், அதற்கு என்ன பதில் சொல்வது?


ஓட்டேரி_மனநலச்செவிலியர் – பதில்

படிவம் கெட்டதில்லை மேடம். தனியாகக் கொடுத்தால்தான் கெடும். அதன் 9 கேள்விகளில் உடம்பு பற்றியவை சில: தூக்கம், களைப்பு, பசி. தலைக்குள் எறும்பு ஊர்வது, மிளகாய் வைத்ததுபோல் எரிவது, தலை உச்சியில் சூடு, படித்தால் கண் இருட்டுவது, இவை எதுவும் அதில் இல்லை. நைஜீரிய மாணவர்களிடம் இந்தத் தொகுப்பைக் கண்டு 1960-ல் மனநல மருத்துவர் ரேமண்ட் பிரின்ஸ் 'பிரெய்ன் ஃபேக்' (மூளைக் களைப்பு) என்று எழுதினார். மேற்கு ஆப்பிரிக்காவில் மனச்சோர்வும் பதற்றமும் இப்படி வெளிப்படுவது சகஜம். ஆகவே ஒருவருக்கு மதிப்பெண் 4 வந்தாலும், தலை எரிகிறது என்று மூன்றாவது முறை வந்தால் அந்த 4-ஐ நம்பாதீர்கள். ஜிம்பாப்வே மாணவர்களுக்கு அவர்கள் நாட்டிலேயே உருவான 14 கேள்வி ஷோனா வினாத்தாள் இருக்கிறது. கடந்த வாரத்தைப் பற்றி ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொன்னால் போதும். 'அதிகமாக யோசிக்கிறீர்களா' என்பதும் அதில் உண்டு.

ஒன்பதாவது கேள்வி சாவு பற்றியது. அதற்கு ஒருவர் பூஜ்யம் அல்லாமல் எதைக் குறித்தாலும் அன்றைக்கே ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும். படிவத்தை வாங்கி அலமாரியில் வைத்து, மாதக் கடைசியில் எண்ணப்போகிறீர்கள் என்றால் அந்தக் கேள்வியைக் கேட்கவே உங்களுக்கு உரிமையில்லை. பல ஆப்பிரிக்க நாடுகளில் தற்கொலை முயற்சி குற்றமாக இருந்தது, சிலவற்றில் இன்றும் இருக்கிறது. கானா 2023-ல்தான் நீக்கியது. அதனால் உண்மையை எழுத அஞ்சுவார்கள். 'சில சமயம், விடிந்து எழாமலே போனால் நல்லது என்று தோன்றுமா?' என்று வாயால் கேட்பது மேல்.

பாகுபாடு பற்றித் தனியாகக் கேளுங்கள். டேவிட் வில்லியம்ஸ் 1997-ல் வெளியிட்ட அன்றாடப் பாகுபாட்டு அளவுகோலில் 9 கேள்விதான். மரியாதைக் குறைவாக நடத்துகிறார்களா, கடையில் கவனிப்பதில்லையா, உங்களைக் கண்டு பயப்படுவதுபோல் நடக்கிறார்களா, கேலிப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்களா என்று போகும். ஆட்டோவில் இரட்டிப்புக் கட்டணம், வாடகைக்கு வீடு மறுப்பது, அனுமதி கேட்காமல் தலைமுடியைத் தொடுவது, செல்ஃபி எடுப்பது என இங்கத்தி உதாரணங்களைச் சேர்த்துக் கேட்டால் பதில் கொட்டும். 2016-ல் பெங்களூருவில் தான்சானிய மாணவியைக் கும்பல் தாக்கியதும், 2017-ல் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்கள் தாக்கப்பட்டதும் அவர்கள் எல்லோருக்கும் தெரியும். இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே போக மறுக்கும் மாணவருக்கு 'சந்தேக மனப்பான்மை' என்று எழுதுவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் கறுப்பின நோயாளிகளுக்குச் சிசோஃப்ரீனியா என்ற முத்திரை கூடுதலாக விழுவதற்கு இது ஒரு காரணம். நியாயமான எச்சரிக்கையை நோயாக எடுத்துக்கொண்டு, கூடவே இருந்த மனச்சோர்வைக் கவனிக்காமல் விட்டார்கள்.

ஆவி, குரல் விஷயம். கேட்பது என்ன என்பதைவிட, அதனால் வாழ்க்கை எப்படி மாறியிருக்கிறது என்பதுதான் அளவு. ஜெபத்தில் கடவுள் பேசினார் என்று சொல்பவர் வகுப்புக்குப் போகிறார், சாப்பிடுகிறார், அவருடைய சபையாரும் அதை இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்றால் விட்டுவிடுங்கள். அந்தச் சபையாரே 'இது எங்கள் வழக்கம் இல்லை' என்றால், பல நாளாகத் தூக்கமே இல்லையென்றால், குரல் கட்டளையிடுகிறது என்றால், குளிப்பதும் சாப்பிடுவதும் நின்றுவிட்டால், அன்றே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். கரீபியன் தீவுகளிலும் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் 'ஃபாலிங் அவுட்' என்று ஒன்று உண்டு. திடீரென்று சரிந்து விழுவார்கள், சுற்றிலும் பேசுவது கேட்கும், அசைய முடியாது. வலிப்பு என்று மருந்தைத் தொடங்குவதற்கு முன் நரம்பியல் பரிசோதனை வேண்டும். இ.இ.ஜி. (மூளை மின்னலைப் பதிவு) எடுக்க அனுப்பினால் பின்னல் முடியைப் பற்றி முன்பே சொல்லிவிடுங்கள். இறுக்கிப் பின்னிய முடியில் மின்முனை தலைத்தோலைத் தொடாது. அவிழ்க்க மணிக்கணக்காகும், திரும்பப் பின்னப் பணம் செலவாகும். அங்கே போய் அவிழ்க்கச் சொன்னால் அவமானப்பட்டுத் திரும்பிவிடுவார்கள்.

உடம்பையும் பாருங்கள். ஊரிலிருந்து புதிதாக வந்தவருக்குக் காய்ச்சலோடு குழப்பம் என்றால் முதலில் மலேரியா ரத்தப் பரிசோதனை. மலேரியாத் தடுப்புக்கு மெஃப்ளோகுயின் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள், அது கெட்ட கனவும் பதற்றமும் தரும். அடிக்கடி எலும்பு வலி என்பவருக்கு அரிவாள் செல் நோய் இருக்கலாம். வலிமாத்திரை கேட்கிறார் என்பதாலேயே போதைப் பழக்கம் என்று முடிவு கட்டாதீர்கள்.

மருத்துவர்களும் இங்கே படிப்பதால் ஒன்று சேர்க்கிறேன். ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்கு டஃபி ரத்தவகை காரணமாக நியூட்ரோஃபில் (ஒருவகை வெள்ளணு) எண்ணிக்கை இயல்பாகவே குறைவு. நோய்த்தொற்று அபாயம் கூடுவதில்லை. இந்த அணுக்களைக் குறைக்கக்கூடிய சிசோஃப்ரீனியா மருந்தான க்ளோசபின் தொடங்க வழக்கமான வரம்பு ஒரு மைக்ரோலிட்டருக்கு 1500. இவர்களுக்கு 1000 இருந்தால் தொடங்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-லேயே மாற்றியது. இது தெரியாமல் நல்ல மருந்தை நிறுத்திவிடுகிறார்கள்.


குடியாத்தம்_ஆசிரியர் – பதில்

கறுப்பின மாணவர்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டு மனநலம் பற்றிக் கேட்பதே அவர்களை ஒதுக்குவதாகாதா? பீகார், ஒடிசா, வடகிழக்கிலிருந்து வந்த பிள்ளைகளும்தான் தவிக்கிறார்கள். எல்லோரையும் சேர்த்துக் கேட்கலாமே.


கணியம்பாடி_களஆய்வு – பதில்

ஐயா சொல்வதில் ஞாயம் இருக்கிறது. கூட்டத்துக்கு வைக்கும் பெயரில் 'ஆப்பிரிக்க', 'மனநோய்' இரண்டும் வரவேண்டாம். வெளியூரிலிருந்து வந்து வேலூரில் வாழ்வது பற்றிய உரையாடல் என்று எல்லாக் குழுக்களையும் ஒரே பெயரில் நடத்துங்கள். மணிப்பூர் மாணவர்களுக்கும் ஒரு குழு இருக்கட்டும். ஆனால் குழுக்களைக் கலக்க வேண்டாம். தோல் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், கேலிக்கு ஆளானவர் வாய் திறக்க மாட்டார். நம் ஊர்த் தெருக்களில் சாதி கலந்த குழுவில் என்ன நடக்குமோ அதுதான் இங்கேயும் நடக்கும். தனித்தனியாகப் பேசிய பிறகு, முடிவுகளைச் சொல்லும் கூட்டத்தை வேண்டுமானால் சேர்த்து வையுங்கள். அந்தக் கூட்டத்தை முதலில் மாணவர்களுக்கு நடத்துங்கள், நிர்வாகத்துக்கு அடுத்து.


சத்துவாச்சாரி_வழக்கறிஞர் – பதில்

விசா பயத்துக்கு வருகிறேன். 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் 'ஒவ்வொரு நபருக்கும்' என்றுதான் பேசுகிறது. வெளிநாட்டவருக்கும் அது பொருந்தும். பிரிவு 23-ன்படி சிகிச்சை பற்றிய தகவல் ரகசியம். சிகிச்சை தரும் மருத்துவர்களும் மனநலப் பணியாளர்களும் அதை மீறக்கூடாது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்றவை விதிவிலக்கு. கல்லூரி ஆலோசகர் இந்த வரையறைக்குள் வருவாரா என்பது அவருடைய படிப்பையும் பதிவையும் பொறுத்தது. ஆகவே சட்டத்தை மட்டும் நம்பாமல், ஆலோசனைக் குறிப்புகள் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கும் துறைத்தலைவருக்கும் போகாது என்று கல்லூரியிடம் எழுத்தில் ஓர் உத்தரவு வாங்குங்கள். அதன் நகலை முதல் கூட்டத்திலேயே கொடுங்கள்.

'யாருக்குமே தெரியாது' என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டவர் உள்நோயாளியாகத் தங்கினால் அந்தத் தங்கலைப் பற்றி மருத்துவமனை பதிவு அதிகாரிக்குத் தகவல் தர வேண்டும். உங்கள் அறையில் பேசுவதற்கு அப்படி எந்தக் கடமையும் இல்லை. இந்த வித்தியாசத்தை உள்ளபடி சொல்லிவிட்டால் நம்பிக்கை கூடும். பின்னால் தெரியவந்தால் மொத்தமும் போய்விடும்.

தற்கொலை முயற்சிக்கு இங்கே வழக்கு வருமா என்று கேட்பார்கள். அதே சட்டத்தின் பிரிவு 115, வேறாக நிரூபிக்கப்படாதவரை முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ம் பிரிவு இடம்பெறவில்லை. அரசு ஊழியரைப் பணியவைக்கத் தற்கொலைக்கு முயல்வது மட்டும்தான் பிரிவு 226-ல் குற்றம்.

கடைசியாக, வேலூரில் மனநல உள்நோயாளிக்கு வீட்டார் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். இந்த மாணவர்களின் வீட்டாரோ கடல் கடந்து இருக்கிறார்கள். பிரிவு 14 இதற்கு வழி வைத்திருக்கிறது. வயதுவந்த யாரும் தனக்கு ஒரு நியமனப் பிரதிநிதியை வெறும் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். நண்பராக இருக்கலாம், சபையில் தெரிந்தவராக இருக்கலாம். அவர் 18 வயது நிரம்பியவராக, எழுத்தில் சம்மதம் தருபவராக இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். மாணவர் நலமாக இருக்கும்போதே இதை எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஒரு நகல் அவரிடம், ஒன்று பிரதிநிதியிடம், மூன்றாவதை உறையில் ஒட்டி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். தாளின் கீழே 14416 என்ற டெலி-மனாஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணையும் அச்சடித்துவிடுங்கள், அது 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் இயங்கும். ஆங்கிலத்திலும் பேசலாம். பிரெஞ்சும் ஸ்வாஹிலியும் மட்டும் பேசும் மாணவர்களுக்கு, உதவிக்கு உடன் பேசக்கூடிய சக மாணவர் இருவரின் பெயரை அவர்கள் சம்மதத்தோடு அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.